'என்' (N) கேஜ் சாமான்களில் ஒரு குறும்பாதை: பெரம்பூர் மாடி அறை அமைப்பின் நிகழ்வு ஆய்வு

வடசென்னைப் பெரம்பூரில் ஒரு மேல்மாடி அறை. சுவரோரம் 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள பலகை போடத்தான் இடம். அதன்மேல் 762 மி.மீ. அகலக் குறும்பாதையின், அதாவது நேரோ கேஜ் ரயில்பாதையின், மாடல் ஒன்று ஓட வேண்டும். கையில் இருந்ததோ முழுக்க 'என்' (N) கேஜ் மாடல் ரயில் சாமான்கள், அதாவது 9 மி.மீ. தண்டவாளத்தில் 1:160 அளவில் ஓடுபவை. மேல்கூடு உடைந்த ஆறு சக்கர டேங்க் எஞ்சின் ஒன்று, நிலையத்தில் பெட்டிகளை நகர்த்தும் நான்கு சக்கர டீசல் ஷன்டரின் அடிச்சட்டம் ஒன்று, சரக்கு வண்டிகள் எட்டு, போகி (திரும்பும் சக்கரச் சட்டம்) வைத்த பயணிகள் பெட்டிகள் இரண்டு, பாதை பிரியும் இடத்துக்கான பாயிண்ட் மூன்று, சில மீட்டர் வளையும் தண்டவாளம். குறும்பாதைக்கென்றே செய்த புதுப் பொருள் எதையும் வாங்காமல் இவற்றையே மாற்றியமைப்பது என்று முடிவானது.

எந்த ஊரையும் அப்படியே நகலெடுக்கும் நோக்கம் இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் இந்த அகலத்துக்கு முன்மாதிரி உண்டு. 1906-ல் திறந்து 1940-களின் தொடக்கத்தில் மூடப்பட்ட மொரப்பூர்–தர்மபுரி வழி 762 மி.மீ. அகலம்தான். சிறிய எஞ்சின், குட்டையான பெட்டிகள், ஒரு நடைமேடை, கல் ஏற்றும் ஒரு கிளைப்பாதை: அந்த வகை ரயில்வேயின் சாயல் வந்தால் போதும்.

முதலில் அடிச்சட்டம், பிறகு அளவுவிகிதம்

பலரும் அளவுவிகிதத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற எந்திரத்தைத் தேடுகிறார்கள். மாற்றியமைக்கும் வேலையில் இது தலைகீழ். ஓடும் அடிச்சட்டம் எது, அதன் சக்கர விட்டம் எவ்வளவு, மோட்டாரின் மேல்முனை எந்த உயரத்தில் நிற்கிறது என்று வெர்னியர் வைத்து அளந்த பிறகே அளவுவிகிதத்தைத் தீர்மானிக்க வேண்டும். மேல்கூட்டை எப்படியும் செய்துகொள்ளலாம். பல்சக்கரத்தையும் மோட்டாரையும் வீட்டில் செய்ய முடியாது.

கணக்கு இப்படி. 762-ஐ 87-ஆல் வகுத்தால் 8.76 மி.மீ. தண்டவாளம் 9 மி.மீ., அதாவது நிஜத்தில் 783 மி.மீ. ஆகும். 21 மி.மீ. கூடுதல், கண்ணுக்குத் தெரியாது. இதுவே ஹெச்ஓஇ எனப்படும் கூட்டு: 1:87 அளவு, 9 மி.மீ. பாதை. அதே தண்டவாளத்தை 1:76-க்கு எடுத்தால் ஓஓ-9 ஆகிறது, 9 மி.மீ. அங்கே 684 மி.மீ. ஆகும், 762-க்கு மிகவும் ஒடுக்கம். 1:48-க்குப் போனால் 762 மி.மீ. என்பது 15.9 மி.மீ.; ஹெச்ஓ-வின், அதாவது 1:87 அளவின் வழக்கமான அகலப் பாதையின், 16.5 மி.மீ. தண்டவாளமே போதும். பெரிய அளவு, கைக்கு எளிது, கண்ணுக்கும் நிறைவு. ஆனால் ஹெச்ஓ பொம்மை ரயில்களின் மிகக் குறுகிய வளைவே சுமார் 360 மி.மீ. ஆரம், வட்டம் 720 மி.மீ. கேட்கும். 60 செ.மீ. பலகையில் அதற்கு வழியே இல்லை. என் கேஜின் 228 மி.மீ. ஆர வளைவு 456 மி.மீ. அகலத்தில் அடங்கி, இரு பக்கமும் தண்டவாளத்தின் நடுவிலிருந்து ஓரம்வரை 72 மி.மீ. மீதம் விடுகிறது. நீளவாக்கில் அதே 72 மி.மீ. விட்டால் ஒவ்வொரு பக்கமும் 600 மி.மீ. நேர்பாதை கிடைக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ் வாசகர்கள் குறும்பாதை என்றதும் நினைப்பது ஊட்டி ரயிலை. நீலகிரி மலை ரயில் 1000 மி.மீ. மீட்டர் பாதை. 1:87-ல் அது 11.5 மி.மீ.; அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் வேண்டும். அதோடு 12.5-க்கு 1 ஏற்றத்தைப் பல்தண்டவாளம் இல்லாமல் சாதாரண மாடல் எஞ்சின் பெட்டிகளோடு நம்பகமாக ஏறுவது அரிது. ஊட்டி எஞ்சினின் கூட்டை 9 மி.மீ. அடிச்சட்டத்தில் உட்கார வைத்த மாடல்கள் எல்லாம் கால் ஒடுங்கித் தெரிவது இந்த அகல வித்தியாசத்தால்தான்.

டேங்க் எஞ்சின்

உடைந்த எஞ்சினின் சக்கர விட்டம் 8 மி.மீ. என் கேஜில் அது 1280 மி.மீ. சக்கரம், 1:87-ல் 696 மி.மீ. குறும்பாதைச் சரக்கு எஞ்சினுக்குப் பொருத்தமான அளவு. முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே 26 மி.மீ., நிஜத்தில் 2.26 மீட்டர், இதுவும் சரி. சிக்கல் மோட்டாரில். அதன் மேல்முனை தண்டவாளத்திலிருந்து 21 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, மோட்டாரின் அகலம் 12 மி.மீ. கொதிகலனை 11 மி.மீ. விட்டத்தில் செய்தால் மோட்டார் இரு பக்கமும் பிதுங்கும். கொதிகலனைப் பருமனாக்கினால் எஞ்சின் கேலிச்சித்திரம் ஆகிவிடும். ஆகவே பக்கத் தொட்டி வைத்த எஞ்சினே வழி: இரு பக்கத் தண்ணீர்த் தொட்டிகளும் மோட்டாரை மறைக்கும், எடை வைக்கவும் இடம் தரும்.

மேல்கூடு 0.75 மி.மீ. பாலிஸ்டைரீன் தாளில் வெட்டியது. மொத்த நீளம் 62 மி.மீ., அகலம் 24 மி.மீ., ஓட்டுநர் அறைக் கூரையின் உச்சி தண்டவாளத்திலிருந்து 34 மி.மீ. கொதிகலன் வெளிவிட்டம் 11 மி.மீ. பித்தளைக் குழாய், மோட்டார் வரும் இடத்தில் அடிப்பாதி அரத்தால் அறுத்து நீக்கப்பட்டது. குறும்பாதை எஞ்சின்கள் பலவற்றில் சட்டம் சக்கரங்களுக்கு வெளியே இருக்கும். அந்தத் தோற்றத்துக்கு 0.5 மி.மீ. தாளில் பாவாடைபோல் இரு பக்கச் சட்டங்கள் சேர்க்கப்பட்டன. இவற்றின் உள்ளகலம் 16 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. சக்கரங்களின் வெளிப்புற அகலம் 12 மி.மீ. அளவுதான், ஆனால் இணைப்புத் தண்டும் அதன் ஆணித் தலைகளும் இன்னும் வெளியே நீட்டி நிற்கும். 15 மி.மீ. உள்ளகலத்தில் செய்த முதல் சட்டத்தில் நேர்பாதையில் எல்லாம் சரியாகத் தோன்றியது; வளைவில் நடு அச்சு பக்கவாட்டில் நகர்ந்ததும் ஆணித் தலை உரசி எஞ்சின் திக்கித் திக்கிப் போனது. மோட்டார் கோளாறு போலவே தெரியும் பழுது இது. சட்டத்தைக் கழற்றிவிட்டு ஓட்டினால் உடனே பிடிபடும்.

ஒட்டும் வேலைக்கு அக்ரிலிக் பலகைக் கடைகளில் கிடைக்கும் குளோரோஃபார்ம் பாலிஸ்டைரீனையும் பிடிக்கும். ஆனால் மெல்லிய தாளை நெளித்துவிடும், மூடிய அறையில் சுவாசிக்கவும் கூடாது. மாடல் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் சிமெண்டே மேல். முப்பரிமாண அச்சில் கூடு செய்பவர்கள் பிஎல்ஏ இழையைத் தவிர்ப்பது நல்லது. 60 டிகிரி அளவிலேயே அது இளகத் தொடங்கும். மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியிலோ வெயிலில் நிற்கும் வண்டியிலோ வைத்த கூடு வளைந்துவிடும்.

எடை: காசிமேட்டு ஈயம்

அடிச்சட்டம் 32 கிராம், கூடு 6 கிராம். இந்த எடையில் எஞ்சின் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். உலோகச் சக்கரம் உலோகத் தண்டவாளத்தில் பிடிக்கும் பிடியை எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பானது. கல்கிளையில் 30-க்கு 1 ஏற்றம் இருக்கிறது: 900 மி.மீ. நீளத்தில் 30 மி.மீ. உயரம். ஐந்து சரக்கு வண்டிகளும் கார்டு செல்லும் பிரேக் வேனும் சேர்ந்து 75 கிராம். எஞ்சின் 56 கிராம் என்றால் ஏற்றத்துக்கு 4.4 கிராம் இழுவை, வளைவு உராய்வுக்கு 3 முதல் 4 கிராம். மொத்தம் சுமார் 8 கிராம். 56-ல் ஐந்தில் ஒரு பங்கு 11 கிராம். மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், ஆனாலும் ஏறும். 38 கிராம் எஞ்சினுக்கு 7.6 கிராம்தான் பிடி. அது வளைவிலேயே சக்கரம் சுழன்று நின்றுவிடும்.

ஆக 18 கிராம் சேர்க்க வேண்டும். வடசென்னையில் ஈயத்துக்கு அலைய வேண்டியதில்லை. காசிமேட்டில் வலைச் சாமான் விற்கும் கடைகளில் வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயம் கிடைக்கும். அதை இரும்புக் கட்டையில் வைத்துத் தட்டி 1 மி.மீ. தகடாக்கி, கத்தரியால் வெட்டி அடுக்கலாம். ஒவ்வொரு தொட்டியின் உள்ளளவு 26 × 3 × 9 மி.மீ.; தகடாக அடுக்கினால் ஒன்றில் 8 கிராம் கொள்ளும். குண்டுகளாகப் போட்டால் இடையில் காற்று நிற்பதால் 5 கிராம்கூட ஏறாது. மீதி 2 கிராம் கரிப்பெட்டிக்குள். நடு அச்சுக்கு நேராக ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து எஞ்சினை நிறுத்திப் பார்த்து, சாயும் பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் வைக்க வேண்டும்.

ஈயத்தை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையால் ஒட்டக் கூடாது. அந்தப் பசையிலிருந்து மெல்லக் கசியும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரிக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் ஈரத்தோடும் சேர்ந்து அது வெள்ளை ஈயமாக மாறிப் பருக்கும். மூடிய தொட்டிக்குள் பருத்தால் ஒட்டு விடும், பக்கச் சுவர் வெளியே தள்ளும். மாதங்கள் கழித்துத்தான் தெரியும் என்பதால் காரணம் யாருக்கும் தோன்றாது. இந்தப் பகுதிக் கடற்காற்றின் ஈரத்தில் இன்னும் விரைவு. அரால்டைட் போன்ற எபாக்ஸிதான் இங்கே சரி. தகட்டை முழுதும் மூடுமாறு பூச வேண்டும். ஈயத்தைத் தட்டிய இடத்தைத் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் துண்டுகளைத் திறந்து போடவும் கூடாது.

வேகமும் மின்சாரமும்

என் கேஜ் எஞ்சின்கள் வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. இந்த அடிச்சட்டம் 12 வோல்ட்டில் 600 மி.மீ. நேர்பாதையை 2.2 நொடியில் கடந்தது. 1:87-ல் அது மணிக்கு 85 கி.மீ. குறும்பாதைச் சரக்கு ரயிலுக்கு 20 முதல் 25 கி.மீ. போதும், அதே 600 மி.மீ.-க்கு 7.5 முதல் 9.4 நொடி ஆக வேண்டும். பலகையின் நேர்பாதையே அளவுகோல், கடிகாரம் ஒன்று போதும்.

ஓட்டுபவர் கைப்பிடியைக் குறைத்து ஓட்டினால் போயிற்று என்று விட்டுவிட முடியாது. குமிழின் முதல் கால் சுற்றிலேயே முழு ஓட்டமும் அடங்கிவிட்டால் நிறுத்துவதும் கிளப்புவதும் நடுங்கும். எளிய வழி, 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டருக்கும், மின்சாரத்தைத் துடிப்புகளாக விட்டு வேகத்தை மாற்றும் பல்ஸ் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் இடையே ஒரு எல்எம்2596 மின்னழுத்தக் குறைப்பான் வைப்பது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் எங்கும் கிடைக்கும். முதலில் 7 வோல்ட்டுக்கு வைத்துப் பார்த்தபோது வேகம் அழகாக இருந்தது, ஆனால் தண்டவாளத்தில் சற்றே அழுக்குப் படிந்த இடங்களில் எஞ்சின் நின்றது. அழுத்தம் குறைந்தால் அழுக்குப் படலத்தைத் துளைக்கும் வலுவும் குறையும். 9 வோல்ட் இரண்டுக்கும் நடுவான ஏற்பாடு. டீசல் ஷன்டர் இதிலும் வேகமாக ஓடியதால் அதற்குள் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் சேர்க்கப்பட்டது. அதன் கூட்டல், கழித்தல் கால்கள் இரண்டையும் ஒன்றாகப் பற்றவைத்து, மாற்றுமின் கால்கள் வழியாக மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பினால் இரு திசையிலும் 1.4 வோல்ட் குறையும். இரண்டு எஞ்சின்களின் வேகத்தை ஒன்றாக்க இது மலிவான வழி. மெதுவோட்டத்தை இது சீராக்காது; கிளம்பும் புள்ளியைத் தள்ளிவைக்கும், அவ்வளவே.

பல்ஸ் பலகையின் அதிர்வெண்ணைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். இரும்புக் கரு உள்ள பழைய மோட்டார்களுக்கு 100 ஹெர்ட்ஸ் அளவிலான மெதுவான துடிப்பு நல்லது: ஒவ்வொரு துடிப்பும் சிறு தட்டு தட்டித் தேக்கத்தை உடைக்கும். புதிய அடிச்சட்டங்கள் சிலவற்றில் வரும் கருவில்லா மோட்டார்களுக்கு, அதாவது கோர்லெஸ் வகைக்கு, அதே துடிப்பு எமன். இரும்பு இல்லாத மெல்லிய சுருள் சூட்டை எங்கும் கடத்த முடியாமல் கருகும். அதற்கு 20 கிலோஹெர்ட்ஸ் அல்லது சுத்தமான நேர்மின்சாரம். இந்த அமைப்பின் இரண்டு மோட்டார்களும் இரும்புக் கரு வகை. மெதுவான துடிப்பே வைக்கப்பட்டது. பின்னால் வேறு எஞ்சின் வந்தால் மாற்றிப்போட ஒரு சுவிட்ச் விட்டிருப்பது புத்திசாலித்தனம்.

ஷார்ட் ஆனால் காக்க, மோட்டார் வாகன உதிரிக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்று தண்டவாளத்துக்குப் போகும் ஒயரில் தொடராக இணைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் இழுப்பது 0.1 முதல் 0.2 ஆம்பியர், அதில் பல்பின் இழை அதிகம் சூடேறாது, தடையும் குறைவு. தண்டவாளம் ஷார்ட் ஆனால் பல்பு பளிச்சென்று எரிந்து மின்னோட்டத்தை 0.4 ஆம்பியருக்குள் நிறுத்தும். ஃபியூசைவிட இது மேல்: பழுது எங்கே என்று தேடும்போது பல்பு அணைகிற கணமே இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பாதை

என் கேஜ் தண்டவாளத்தில் குறும்பாதை எஞ்சினை வைத்தால் முதலில் கண்ணைக் குத்துவது ஸ்லீப்பர், அதாவது அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை. 4 மி.மீ.-க்கு ஒன்றாக நெருக்கமாக, அச்சுப் பிசகாமல் வரிசையாக நிற்கும். 1:87-ல் அது 35 செ.மீ. இடைவெளி. ஒன்றுவிட்டு ஒன்றை வெட்டி எடுத்தால் 70 செ.மீ. ஆகிறது, கிராமத்துக் கிளைப்பாதைக்குப் பொருந்துகிறது. மிச்சமிருப்பவற்றில் சிலவற்றை ஒரு டிகிரி இரண்டு டிகிரி கோணலாக்கிவிட்டால் இன்னும் நன்று. நீளம் பற்றிக் கவலை வேண்டாம்: 16 மி.மீ. ஸ்லீப்பர் 1.4 மீட்டர் ஆகிறது.

இதைச் செய்ய கோடு 80 தண்டவாளம்தான் உதவும்; கோடு எண் என்பது தண்டவாளக் கம்பியின் உயரம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில். பீக்கோ நிறுவனத்தின் கோடு 55 என் கேஜ் தண்டவாளத்தில் ரயிலின், அதாவது சக்கரம் உருளும் உலோகக் கம்பியின், கீழ்ப்பகுதி ஸ்லீப்பர் பிளாஸ்டிக்குக்குள் புதைந்திருக்கிறது. உண்மையில் ரயில் உயரமானது, வெளியே தெரிவது மட்டும் 1.4 மி.மீ. ஸ்லீப்பரை எடுத்தால் அந்த மறைந்த பகுதி அம்பலமாகும், பிடிப்பும் போகும். கோடு 80 ரயில் 2.03 மி.மீ. உயரம். 1:87-ல் 177 மி.மீ. உயரமுள்ள ரயில் ஆகிறது, குறும்பாதைக்கு அபத்தமான பருமன். ஜல்லியை ரயிலின் அடிவரை ஏற்றிப் போட்டு, பக்கங்களைத் துருநிறத்தில் தீட்டினால் பாதி மறையும். மீதிப் பாதியோடு வாழப் பழக வேண்டும்.

பாதி ஸ்லீப்பர் போனபின் 228 மி.மீ. வளைவில் பாதையின் அகலம் நிலைக்காது. 60 மி.மீ.-க்கு ஒரு ஸ்லீப்பருக்குப் பதிலாகச் செம்பு பூசிய சர்க்யூட் போர்டுத் துண்டு, 17 × 2 மி.மீ., வைத்து இரு ரயிலையும் அதில் பற்றவைக்க வேண்டும். நடுவில் செம்பை அரத்தால் கீறிப் பிரிப்பதை மறந்தால் அங்கேயே ஷார்ட். பற்றவைக்கும் முன் மல்டிமீட்டரால் ஒவ்வொரு துண்டையும் பார்த்துவிடுவது வேலையைக் குறைக்கும். ஒட்டிய பிறகு எது ஷார்ட் என்று தேடுவது பெரும் பாடு.

ஜல்லிக்குக் கடல் மணல் கூடவே கூடாது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ரயிலின் அடியை அரிக்கும். அதைவிட மோசம், நம் கடற்கரை மணலில் கலந்திருக்கும் கருந்தாது மணல். அதிலுள்ள மேக்னடைட் காந்தத்தில் நன்றாக ஒட்டும்; இல்மனைட்டை வலுவான காந்தம் இழுக்கும். எஞ்சின் மேலே போகும்போது தளர்ந்த துகள்களை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், சில வாரங்களில் பல்சக்கரம் அரைபடும். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்டைக் கழுவி, காயவைத்து, தேயிலை வடிகட்டியில் சலித்து, 0.3 முதல் 0.6 மி.மீ. துகள்களை எடுத்தால் 1:87-ல் 3 முதல் 5 செ.மீ. ஜல்லி. அதன்மேலும் ஒருமுறை ஒலிபெருக்கிக் காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி ஓட்டிவிட வேண்டும். பக்கத்தில் லேத் பட்டறை இருக்கும் தெருக்களில் இரும்புத் தூசி காற்றிலேயே வரும். அங்கே பலகைக்கு மூடி அவசியம்.

பாயிண்ட்: எல்லாப் பழுதுகளும் கூடும் இடம்

மூன்று பாயிண்டுகளிலும் கிராசிங் பகுதி, அதாவது இரு பாதைகளின் ரயில்கள் வெட்டிக்கொள்ளும் இடம், பிளாஸ்டிக். ஆறு சக்கர எஞ்சின் எப்படியோ கடந்தது. ஷன்டரின் இரு அச்சுகளுக்கு இடையே 22 மி.மீ.தான், ஒரு சக்கரம் பிளாஸ்டிக்கில் நின்றால் அந்தப் பக்கத்து மின்சாரம் முழுக்க மற்றொரு சக்கரத்தை நம்பியிருக்கிறது. அதன் அடியில் துளி அழுக்கு போதும், நின்றுவிடும். வேகமாக ஓடினால் உந்தத்தில் கடந்துவிடும் என்பதால் என் கேஜில் இது தெரியாது. வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்ததும் பழுது வெளியே வருகிறது. குறும்பாதைக்கு மாறுகிறவர்கள் "என் கேஜில் நன்றாக ஓடியதே" என்று குழம்பும் இடம் இது.

ஷன்டருக்கும் பிரேக் வேனுக்கும் இடையே நிரந்தர இணைப்புப் போட்டு, வேனின் நான்கு சக்கரங்களிலிருந்தும் 0.2 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பி உரசி மின்சாரம் எடுத்து, தலைமயிர் போன்ற இரண்டு சிலிக்கான் ஒயர்களால் எஞ்சினுக்குக் கொடுத்தது முதல் தீர்வு. நன்றாக வேலை செய்கிறது. ஆனால் உரசும் கம்பியின் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் வேனின் சக்கரம் சுழலாமல் வழுக்கும். வேனைத் தனியே 30-க்கு 1 சரிவில் விட்டால் தானாக உருள வேண்டும். இல்லையென்றால் கம்பியை விரித்துத் தளர்த்த வேண்டும்.

நிலையப் பகுதியின் இரண்டு பாயிண்டுகள் பின்னர் உலோகக் கிராசிங் உள்ளவையாக மாற்றப்பட்டன. புதுப் பொருள் வாங்காமல் முடிப்பது என்ற தீர்மானம் இங்கே மட்டும் தளர்ந்தது, சரியாகவே. இவற்றில் கிராசிங் எந்த ரயிலோடு சேர வேண்டுமோ அந்த மின்முனையைப் பெற வேண்டும். அதற்குப் பலகை ஓரத்தில் ஒரு ஸ்லைடு சுவிட்ச்: அதன் குமிழில் துளையிட்டு 0.8 மி.மீ. எஃகுக் கம்பி கோத்து, பாயிண்டின் நகரும் நாக்கு ரயில்களை இணைக்கும் குறுக்குக் கட்டையை அதே கம்பி இழுக்கும். சுவிட்ச் 4 மி.மீ. நகரும், பாயிண்டுக்கு 2 மி.மீ. போதும், கம்பியின் நடுவில் வளையமாக ஒரு மடிப்பு விட்டால் மிச்சத்தை அது வாங்கிக்கொள்ளும். மடிப்பு இல்லாமல் நேர்க்கம்பி போட்டால் சில வாரங்களில் குறுக்குக் கட்டை உடையும்.

மாற்றியதும் புதுப் பழுது ஒன்று வந்தது. சரக்கு வண்டிகளில் இரண்டு மட்டும் பாயிண்டில் ஏறும்போது பல்பு மின்னியது. இத்தகைய பாயிண்டில் இரு நாக்கு ரயில்களும் கிராசிங்கோடு ஒரே மின்முனை. திறந்து நிற்கும் நாக்கு ரயிலுக்கும் அதன் பக்கத்து ரயிலுக்கும் எதிர் மின்முனை, இடைவெளியோ ஒடுக்கம். சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையிலான தூரம் குறைந்திருந்தால் சக்கரத்தின் பின்புறம் திறந்த நாக்கைத் தொட்டு இரண்டையும் இணைத்துவிடும். 9 மி.மீ. பாதையில் அந்தத் தூரம் 7.5 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். இந்த இரண்டு வண்டிகளில் 7.2 இருந்தது. 7.5 மி.மீ. பித்தளைத் துண்டு ஒன்றை லேத்தில் கடைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சக்கர ஜோடியையும் அதில் வைத்துச் சரிபார்ப்பது முதல் நாள் வேலையாக இருக்க வேண்டும். பழைய சாமான் வாங்குபவர்களுக்கு இது கட்டாயம்.

வண்டிகளும் பெட்டிகளும்

சரக்கு வண்டிகளின் சக்கரம், அச்சு, அடிச்சட்டம் மூன்றும் என் கேஜிலிருந்து அப்படியே. 6 மி.மீ. சக்கரம் 52 செ.மீ. ஆகிறது, குறும்பாதைக்குச் சரி. மேல்கூடு மட்டும் புதிது: 52 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம். இரண்டரை மடங்குக்கும் மேல் அகலமான கூடு 9 மி.மீ. பாதையில் நிற்பதால் எடை வண்டியின் தளத்துக்கு மேலே ஏறவே கூடாது. ஈயத் தகட்டை அடித்தளத்தின் கீழ்ப்புறம் அச்சுகளுக்கு இடையே ஒட்ட வேண்டும். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கத்தின் பரிந்துரையை என் கேஜுக்குக் கணக்கிட்டால் இந்த நீளத்துக்கு 23 கிராம் வரும். ஐந்து வண்டி அந்த எடையில் இருந்தால் 115 கிராம். இந்த எஞ்சின் ஏற்றத்தில் இழுக்காது. 12 கிராமில் நிறுத்தி, எல்லா வண்டியும் ஒரே எடையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டதே போதுமானதாக இருந்தது. பின்னால் தள்ளும்போது கவிழ்வது பெரும்பாலும் எடை குறைந்த வண்டி அல்ல. கனமான இரண்டுக்கு நடுவில் மாட்டிய இலேசான வண்டி.

பயணிகள் பெட்டியின் நீளம் 130 மி.மீ., போகி மையங்களுக்கு இடையே 90. 228 மி.மீ. வளைவில் பெட்டியின் நடு உள்பக்கம் 4.5 மி.மீ. தள்ளும், முனை வெளிப்பக்கம் 4.8 மி.மீ. தள்ளும். பாதி அகலம் 12 மி.மீ.-ஐச் சேர்த்தால் வளைவோரத்தில் எந்தச் சுவரும் நடைமேடையும் பாதை மையத்திலிருந்து 20 மி.மீ.-க்குள் வரக் கூடாது. ஒரே வளைவில் செல்லும் இரு பெட்டிகளின் முனைகள் ஒரே திசையில் தள்ளுவதால் அவற்றை இணைக்கும் கப்ளிங்குக்குத் தொல்லை இல்லை. எதிர்வளைவில்தான் ஆபத்து: முனைகள் எதிரெதிராக 9.6 மி.மீ. விலகும், கப்ளிங் பெட்டியைப் பாதையிலிருந்து பிடுங்கி எறியும். இரு எதிர்வளைவுகளுக்கு நடுவே ஒரு பெட்டி நீளம், 130 மி.மீ., நேர்பாதை விட வேண்டும். கப்ளிங் பெட்டியின் உடலில் இல்லாமல் போகியில் இருக்க வேண்டும்.

கப்ளிங்கில் நீண்ட ஆராய்ச்சி தேவைப்படவில்லை. ஐந்து சரக்கு வண்டிகளும் எப்போதும் ஒன்றாகவே ஓடுவதால் நடுவில் 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியால் நிலையான இணைப்பு. இரு முனைகளில் மட்டும் கித்தாரின் மெல்லிய எஃகுத் தந்தியில் வளைத்த கொக்கியும் வளையமும். உயரம் எல்லாவற்றிலும் தண்டவாளத்திலிருந்து 6 மி.மீ.; ஒரு அட்டை அளவுகோல் வெட்டி வைத்துக்கொண்டால் தவறாது.

பலகையும் கடற்காற்றும்

பலகை 12 மி.மீ. மரைன் பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை உள்ளது. மலிவான எம்டிஎஃப் போட்டால் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஓரங்கள் ஊதும், பாயிண்டுகள் அடைபடும். பிளைவுட்டாக இருந்தாலும் அடிப்புறம், வெட்டிய ஓரம், துளைகளின் உட்புறம் எல்லாவற்றிலும் இரண்டு பூச்சு வார்னிஷ் வேண்டும். மேற்புறம் மட்டும் பூசினால் ஈரம் அடியில் மட்டும் ஏறிப் பலகை வில்லாக வளையும். ரயில் 600 மி.மீ. துண்டுகளாக, இணைப்பில் 0.5 மி.மீ. இடைவெளியோடு. 20 டிகிரி வெப்ப மாற்றத்தில் ரயில் நீள்வது 0.2 மி.மீ.தான், மீதி இடைவெளி மரத்துக்காக. ஒவ்வொரு துண்டுக்கும் தனியே மின்சார ஒயர் இறக்க வேண்டும், இணைப்புத் தகட்டை நம்பக் கூடாது. உப்புக் காற்றில் முதலில் கெடுவது அதுதான்.

தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்ப்பது இங்கே பெருந்தவறு. கீறல்களில் அழுக்கு தங்கி, அடுத்த வாரமே இரட்டிப்பாகக் கறுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணி, வாரம் ஒருமுறை, சக்கரங்களுக்கும் அதே. தையல் எந்திர எண்ணெய் ஊசி முனையளவு அச்சுத் தாங்கிகளில் மட்டும். பல்சக்கரத்தில் சொட்டினால் தெறித்து மோட்டாரின் கம்யூட்டேட்டருக்குப் போகும், அங்கே கரியோடு குழம்பி மின்சாரத்தைத் தடுக்கும்.

இப்போதைய நிலையில் டேங்க் எஞ்சின் ஐந்து வண்டியோடும் வேனோடும் கல்கிளையை ஏறுகிறது, 600 மி.மீ.-ஐ 8 நொடியில் கடக்கிறது. ஆறு வண்டி கொடுத்தால் ஏற்றத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் சக்கரம் சுழல்கிறது. கல்கிளையில் இன்னும் பிளாஸ்டிக் கிராசிங் பாயிண்ட்தான் இருக்கிறது, அங்கே ஷன்டர் வேன் இல்லாமல் போக முடியாது. அதை மாற்றுவதானால் பலகையைத் தூக்கி அடியில் ஸ்லைடு சுவிட்சுக்கு இடம் வெட்ட வேண்டும். ஜல்லி ஒட்டும் முன்பே எல்லாப் பாயிண்டுகளுக்கும் அடியில் 40 × 15 மி.மீ. திறப்பு வெட்டி வைத்துவிட்டால், இன்னொரு பலகையில் அந்த வேலை அரை மணி நேரத்தில் முடியும்.